ஒரு கிளி அளவு இடம்

பினாங்கிலிருந்து மூன்று பேர் விமானம் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்தது ஓர் ஓலைப்பெட்டியை வீடு மாற்றுவதற்காக. உள்ளதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அலுவலகத்தில் ‘குடும்ப விசேஷம்’ என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மேலாளர் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

என் மனைவி தேவிக்குப் பந்தல்குடிப் பக்கம். தூத்துக்குடி ரோட்டை ஒட்டி வீடு. அவளுக்குச் சந்திரா என்று ஓர் அக்கா இருந்தாள். எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போவதில்லை என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கன்னி என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக் கும்பிடுகிறார்கள். அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி, அதில் ஒரு பாவாடை, கண்ணாடி வளையல், ஒரு சீப்பு. பொங்கலுக்குப் பொங்கல் பழைய பாவாடையை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள். போன தடவை வந்தபோது அந்தப் பெட்டியை இரண்டு விரலால் தூக்கித் தூசி தட்டி, தேவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காலி இருமல் மருந்து டப்பா அளவுக்குத்தான் கனம்.

இப்போது தேவியின் அண்ணன் செல்வம் அந்த வீட்டை லாரிப் பட்டறைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். பாலவனத்தத்தில் புது வீடு. பழையதை இடிக்க ஜேசிபி வருகிறது. அதற்குள் சந்திராவைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

“அவளை விட்டுட்டு வீட்டை இடிச்சா, அந்த லாரி ரோட்டுல நின்னு யாரைத் தேடுவா?” என்று பினாங்கில் சமையலறையில் நின்று கேட்டாள் தேவி. நான் மாயவரத்துக்காரன். எங்கள் பக்கம் செத்தவர்களை ஆற்றங்கரையோடு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடிப்போம். ஆனாலும் அவள் கேட்ட விதத்தில் டிக்கெட் போட்டுவிட்டேன்.

எங்கள் மகள் மீராவுக்கு ஒன்பது வயது. விமானத்தில் அவள் விஷயத்தை அலசினாள். “அவங்க எனக்குப் பெரியம்மாவா?”

“ஆமாம்.”

“எட்டு வயசுதானே? அப்ப நான்தானே பெரியவ?”

தேவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

ஊர் வந்து இறங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவிக்குப் பழைய வீட்டில் பாத்திரம் கட்டுகிற வேலை. எனக்கும் மீராவுக்கும் திருச்சுழி வேலை. சில வருஷமாகச் சந்திராவுக்குக் கடைப் பாவாடைதான் வைத்துவந்தார்களாம். இருந்த இடத்தில் இருக்கும்வரை அது செல்லும், இடம் மாறும்போது செல்லாது, கட்டை அச்சால் கரை ஓட்டிய பாவாடைதான் வேண்டும் என்றாள் தேவி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அச்சு. இவர்களுக்குக் கிளி.

அச்சடித்துக் கொடுத்த குடும்பம் எப்போதோ திருப்பூருக்குப் போய்விட்டது. அவர்களுடைய கட்டைகளையும் துணிகளையும் மொத்தமாக வாங்கி, திருச்சுழிக்கு வெளியே ஒரு பழைய ஜின்னிங் மில்லில் யாரோ காட்சியகம் வைத்திருக்கிறார்கள். வருகிற பிள்ளைகள் அங்கேயே அச்சடித்துப் பார்க்கலாம், தைத்தும் தருகிறார்கள் என்று மச்சான் விசாரித்து வைத்திருந்தார்.

“மீராவே அடிக்கட்டும். பொம்பளப் புள்ள கையால அடிச்சா நல்லது” என்றாள் தேவி. பத்து வருஷப் பினாங்கு வாசம் மதுரை விமான நிலையத்திலேயே அவள் பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது. “தச்சதும் மடிச்சுக் கொண்டாங்க. நடுவுல பிரிக்கக் கூடாது. பெட்டியில வைக்கிறப்பத்தான் பிரிக்கணும். சரியா? போய்ட்டு வாங்க.” எங்களுக்குக் கிடைத்த பாடம் இவ்வளவுதான்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். பினாங்கில் வடை என்று ஒன்று கொடுப்பார்கள், அதைக் கடித்தவன் பல் வைத்தியரைப் பார்க்காமல் வீடு திரும்ப முடியாது. இங்கே வடை வாயில் வைத்ததும் மன்னிப்புக் கேட்டுக் கரைந்தது. இன்னொன்று வாங்கப் போனதில் முதல் பஸ்ஸை விட்டோம். ஏறிய பஸ் பாதி வழியில் பெல்ட் அறுந்து நின்றது.

எல்லோரும் இறங்கினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் வெடித்த கரிசல், அதன்மேல் சீமைக்கருவேலம். வேறு எதுவும் இல்லை. டிரைவர் இன்ஜினை அணைத்ததும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதற்கு நான் தயாராக இல்லை. எங்கள் ஊரில் தவளையாவது கத்தும், பினாங்கில் பத்தாவது மாடியிலும் மோட்டார் சைக்கிள் கேட்கும். இங்கே காற்று முள்ளில் உரசுகிற சத்தம்கூட நின்று நின்றுதான் வந்தது.

“ஏலே, பெல்ட்டு போயிருச்சா?” என்று ஒருவர் கூட வந்தவரைக் கேட்டார்.

“போயிருச்சு. அடுத்த பஸ்ஸுல ஏத்தி விட்டுருவாக. சும்மா நில்லு.”

மீரா என் பக்கத்தில் வந்து நின்றாள். “அப்பா, இங்க யாரோ பேசறதை நிறுத்தின மாதிரி இருக்கு” என்றாள். வெயிலில் எனக்குக் கை சிலிர்த்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

மில் ஊருக்கு வெளியே தனியாக இருந்தது. உயரமான ஓட்டுக் கூரை, அதில் புறாக்கள். எங்களைத் தவிர யாரும் வரவில்லை. அனிதா என்ற இளம்பெண் சாவிக்கொத்தோடு வந்தாள். கோவில்பட்டிப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றாள். இரண்டே பேருக்கு ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு, “வருகை தந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்” என்றாள். அந்த ‘அனைவருக்கும்’ கூரையில் போய் முட்டி, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது.

கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தாமரை, மாங்காய், அன்னம், தேர்ச்சக்கரம். எல்லாம் தேக்கு, எண்ணெய் ஏறிக் கறுத்தவை. மீரா ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தாள். அடுத்த அறையில் சாயப் பானைகள். இரும்புத் துண்டையும் கருப்பட்டியையும் ஊறப் போட்டுக் கறுப்பு எடுப்பார்களாம். மூடியைத் திறந்ததும் வந்த வாடையில் எனக்குப் பினாங்கு பெலாச்சான், அந்த இறால் விழுது ஞாபகம் வந்து, கேவலம், வாயில் எச்சில்கூட ஊறியது. “கடுக்காய்த் தண்ணியில ஊறின துணியில இந்தக் கறுப்புப் பட்டா, துணி கிழிஞ்சாலும் சாயம் போகாது” என்றாள் அனிதா.

மூன்றாவது அறையில் நான் நின்றுவிட்டேன். சுவர் முழுக்கச் சின்னப் பாவாடைகள். தரையிலிருந்து கூரை வரைக்கும், இடைவெளியில்லாமல், நாடாவில் தொங்கின. எல்லாம் ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் அளவு. கதவைத் திறந்த காற்றில் மொத்தமும் ஒரு தரம் ஆடி நின்றது. எல்லாப் பாவாடையிலும் கரை அழகாக ஓடிவந்து முன்பக்கத்தில் ஓரிடத்தில் அறுந்திருந்தது. ஒரு கட்டை அளவு வெறும் துணி. கீழே அச்சடித்த அட்டை: ‘வேலை முடியாத மாதிரிகள்.’

“அச்சடிக்கிறவுக வீட்டுப் பெட்டியில இருந்தது சார். ஏன் முடிக்காம விட்டாகன்னு தெரியலை” என்றாள் அனிதா. சோம்பேறிகள் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

மீரா கிட்டே போய் ஒவ்வொரு நாடாவாகப் பார்த்தாள். “இதெல்லாம் போட்டுக்கிட்ட பிள்ளைங்க எங்க?”

“வளர்ந்து பெரியவங்க ஆயிருப்பாங்க பாப்பா.”

“யாரும் போட்டுக்கவே இல்லையே ஆன்ட்டி. நாடால முடிச்சு விழுந்த தடமே இல்லை. இடுப்புல சுருக்கம்கூட இல்லை.”

அனிதா ஒலிபெருக்கியை அணைத்தாள். மூன்று பேரும் சீக்கிரமாக அச்சடிக்கிற அறைக்குப் போனோம். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை, ஆனால் சீக்கிரமாகப் போனோம்.

மேசைமேல் சாக்கும் கம்பளியும் விரித்து, அதன்மேல் கடுக்காய் மஞ்சளில் ஒரு துணி. மீரா கிளிக் கட்டையை எடுத்தாள். இடது கையால் கட்டையைப் பிடித்துத் துணியில் வைக்க வேண்டும், வலது கையை மூடி அதன் தலையில் ஒரு குத்து. முதல் கிளிக்கு வால் வரவில்லை. அது மடிப்புக்குள் போய்விடும் என்று அனிதா தேற்றினாள். பிறகு கை படிந்துவிட்டது. ஒரு கிளியின் வாலைத் தொட்டுக்கொண்டு அடுத்த கிளி, அதன் வாலைத் தொட்டு அடுத்தது. அந்தக் குத்துச் சத்தம் மில் முழுவதும் கேட்டது. நடுவில் வந்ததும் ஒரு கிளி அளவு இடம் விட்டு, மறுபடி தொடங்கி, கடைசிவரை ஓட்டி முடித்தாள். கை கழுவப் போனாள்.

“பாப்பா ஒண்ணை விட்டுருச்சு சார்” என்றாள் அனிதா.

சுவரில் பார்த்ததை அப்படியே செய்திருக்கிறாள், பிள்ளை புத்தி என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு தூரம் வந்து, வேலை முடியாத பாவாடையைக் கொண்டுபோய் நீட்டினால் தேவி என்ன சொல்வாள்? கட்டையைச் சாயத்தில் தோய்த்து, அந்த இடத்தில் வைத்து, ஒரே குத்து. என் கிளி கொஞ்சம் சாய்ந்து, குடித்துவிட்டு வந்த மாதிரி நின்றது. ஆனால் வரிசை முடிந்துவிட்டது.

மீரா வந்து பார்த்தாள். தைத்து, மடித்து, செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டாள். “ஏம்ப்பா மூடினீங்க?”

“முடிச்சேன்டா.”

“இல்லை. மூடினீங்க.”

அருப்புக்கோட்டையில் பொரித்த பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் சேர்த்துத்தான். அதை மட்டுமே தனிக் கட்டுரையாக எழுதலாம், இந்தக் கட்டுரையில் அதற்கு மரியாதை கிடைக்காது.

மறுநாள் காலையில் பழைய வீட்டு வாசலில் ஜேசிபி வந்து நின்றுகொண்டு உறுமிக்கொண்டிருந்தது. சாமான் ஏற்றுகிற குட்டியானை வண்டியும் வந்துவிட்டது. நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்று மச்சான் பறந்தார். முறை என்னவென்றால், பெட்டியைக் குடும்பத்தில் வயசுக்கு வராத பெண்பிள்ளை சுமக்க வேண்டும். புது வீட்டில் இறக்கும்வரை பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. சந்திரா ஏறிவிட்டால் பெட்டி கனக்கும். அதுதான் அடையாளம்.

தேவி பெட்டியைத் திறந்து கடைப் பாவாடையை எடுத்து வெளியே வைத்தாள். செய்தித்தாளைப் பிரித்தாள். பாவாடையை விரித்துக் கரையைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். சாய்ந்த கிளியில் விரல் நின்றது.

“ஏங்க. இதை யாரு அடிச்சா?”

சொன்னேன். நல்ல வேலை செய்த தோரணையில் வேறு சொன்னேன்.

அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “அவ போக வர வழிங்க அது. உசிரோட இருக்கிற புள்ளைக்குக் கரை முழுசா ஓடும். கன்னிக்கு ஒண்ணு விடணும். மூடிட்டா அவ எப்படி உள்ள ஏறுவா?”

“நீ சொல்லவே இல்லையே!”

“சட்டை தைக்கச் சொன்னா கழுத்துக்கு ஓட்டை விடுங்கன்னு யாராச்சும் சொல்லுவாகளா?”

மச்சான் உள்ளே வந்தார். கிளியை வெட்டி எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். “மாப்ள, கன்னித் துணியில கத்தரி படக் கூடாது” என்றார் மெதுவாக. எடுத்த பழையதைத் திரும்ப வைக்கவும் கூடாதாம். திங்கட்கிழமை, காட்சியகத்துக்கு விடுமுறை. வெளியே ஜேசிபிக்காரர், “அண்ணே, அடுத்த லோடு வேலை கெடக்கு” என்று குரல் கொடுத்தார்.

மீரா வாசலில் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தேவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் சொன்னதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரிக்குப் பயந்து இவள் நடுங்குவாளாம். சந்திராதான் கையைப் பிடித்துத் தாண்ட வைப்பாள். “அவ என்னைய ஒருநாளும் இந்தப் பக்கம் விட்டுட்டுப் போனதில்லைங்க. நான் விட்டுட்டுப் போறேன்.” எனக்கு அப்போது என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு கிளி, ஒரே குத்து.

வேறு வழியில்லாமல் அந்தப் பாவாடையையே பெட்டியில் வைத்து மூடி மீராவிடம் கொடுத்தார்கள். வண்டி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. மீரா பெட்டியை வலது இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். படி இறங்கும்போது ஒரு நொடி நின்றாள். பிறகு இடது கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, விரல்களை மடக்கி, இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைத் தாண்டினாள். ஒரு லாரி வேகத்தைக் குறைத்து வழிவிட்டது.

பெட்டி கனக்கவில்லை. அது தூரத்திலிருந்தே தெரிந்தது. காற்றுக்கு அதன் மூடி படபடத்தது. தேவி பார்க்காத மாதிரி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

நானும் மீராவும் பின்னால், மெத்தைகளின்மேல். மீரா ஓரமாக ஒட்டி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். பாலவனத்தத்துக்குப் பாதி வழியில் டயர் பஞ்சர். வெட்டவெளி, நிழல் கிடையாது. மச்சான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மீரா பெட்டியை மடியில் வைத்து வலது கையால் வாங்கினாள், பல்லால் மூடியைத் திருகினாள். இடது கை மெத்தைமேல் அப்படியே இருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. நான் தொடப் போனேன். அவள் முறைத்தாள். பேசக் கூடாது என்பதால் முறைப்போடு விட்டாள் என்று வைத்துக்கொண்டேன்.

புது வீட்டில் பெயின்ட் வாடை. பெட்டியைப் பூஜை மூலையில் இறக்கி வைத்ததும் தேவி மீராவின் முன்னால் மண்டியிட்டாள். “கனத்துச்சாடி?”

“இல்லைம்மா.”

தேவியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

“அவ உள்ள ஏறலை. வழி மூடியிருக்குன்னு வாசல்லயே நின்னுட்டா” என்றாள் மீரா. “அதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். ரோட்டைத் தாண்டும்போது அவதான் என்னை இறுக்கிப் பிடிச்சா.”

மச்சான் மனைவி கையிலிருந்த பால் சொம்பைக் கீழே வைத்தார். தேவி மீராவின் இடது பக்கத்தில் வெறும் காற்றைப் பார்த்து, “வந்துட்டியாக்கா” என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். சந்தோஷ அழுகை. நான் மீராவின் இடது கையைத் திருப்பிப் பார்த்தேன். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, வெகுநேரம் யாரோ பிடித்திருந்த மாதிரி. அவள் அன்று முழுக்க அந்தக் கையைக் கழுவ விடவில்லை. சாம்பார் வாளியைத் தள்ளக்கூட அதை எடுக்கவில்லை.

நான் கோபப்பட்டேன். படித்த குடும்பம் செய்கிற வேலையா இது, பிள்ளைக்குக் கதை சொல்லிச் சொல்லிக் கெடுக்கிறீர்கள் என்றேன். தேவியின் சந்தோஷமும் சாப்பாடு முடிவதற்குள் வடிந்துவிட்டது. “வந்துட்டா, சரி. தங்க இடம் இல்லையே. இவ கையை விடலேன்னா நம்மகூடப் பிளேன் ஏறிருவா. பினாங்குல அவளுக்கு யாரைத் தெரியும்?” என்றாள். கிளம்ப இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. பத்தாவது மாடி, மோட்டார் சைக்கிள், எட்டு வயசுப் பெரியம்மா. என் கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் திருச்சுழிக்குப் போனோம். டீ, வடை, எதுவும் இறங்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதன் தீவிரம் புரியும். மூடிய பாவாடையும் பையில் இருந்தது. அதை அச்சடித்த இடத்தில் கொடுத்துவிட்டுத்தான் புதிது வாங்க வேண்டுமாம். காலங்காலமாக அப்படித்தானாம், புதிதை வாங்கும்போது பழசை அச்சடிக்கிறவர் வீட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

தேவி இதைச் சொன்னபோது நாங்கள் மில் வாசலில் இருந்தோம். எனக்குக் கால் நின்றுவிட்டது. “பழசை எல்லாமா?”

“எல்லாந்தான். எல்லா வீட்டுக்காரவுகளும்.”

மூன்றாவது அறைக்குள் தேவி முன்னால் போனாள். கதவுக் காற்றில் சுவர் முழுக்க ஆடி நின்றது. அவள் அட்டையைப் படிக்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். பிறகு தேட ஆரம்பித்தாள். தாமரை, தேர்ச்சக்கரம், அன்னம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, கிளி. அதற்குக் கீழே இன்னொரு கிளி. பக்கத்தில் இன்னும் சில. எல்லாம் ஒரே அளவு. வருஷா வருஷம் தைத்தும் வளராத பாவாடைகள். ஒவ்வொன்றையும் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அனிதா என்னைப் பார்த்தாள். அந்த வெறும் இடம் எதற்கு என்று சொன்னேன். அவள் சுவரை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தாள், ஒவ்வொரு வெறும் இடமாக. இத்தனை நாளும் தனியாகப் பூட்டித் திறந்த அறை அது. போய் அந்த அட்டையைப் பிய்த்து எடுத்தாள்.

அச்சடிக்க மீராவுக்கு ஒரு கைதான் இருந்தது. கட்டையைப் பிடிக்க இடது கை வரவில்லை. “நான் பிடிக்கிறேன், நீ குத்து” என்றாள் தேவி. அம்மா வைக்க, மகள் குத்த, கிளிகள் வந்தன. நடுவில் வந்ததும் தேவி கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீராவைப் பார்த்தாள். மீரா தன் இடது பக்கம் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து, “போதுமாம்” என்றாள். அந்த அளவு இடம் விட்டு மறுபடி வைத்தார்கள். நான் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

என்னுடைய சாய்ந்த கிளி இப்போது அந்தச் சுவரில் தொங்குகிறது. அங்கே மூடிய கரை அது ஒன்றுதான்.

திரும்பும் பஸ்ஸில் மீராவுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. ஜன்னலுக்காகப் பள்ளிப் பேருந்தில் சண்டை போட்டு என்னைத் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தியவள், ஜன்னலை ஒட்டிய பாதி சீட்டைக் காலியாக விட்டு இந்தப் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். பின்சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். கரிசல்காட்டில் பாதி வீடுகளில் தெலுங்குதான். எங்கள் அலுவலகத்தில் பழகிய தெலுங்கில் மிளகாய் விலை, மருமகள், மழையில்லாதது வரைக்கும் எனக்குப் புரிந்தது. பிறகு ஒருத்தி சொன்னாள்: “முன்னாடி பாரு, பெரிய பிள்ளைக்கு எவ்வளவு மனசு. ஜன்னலைச் சின்னதுக்கு விட்டுக் கொடுத்திருக்கு.”

நான் திரும்பி அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. ஊர் வரும்வரை நேராகக் கண்டக்டரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாலவனத்தத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. மச்சான் குடும்பம் வாசலில் காத்திருந்தது. தேவி பெட்டியைத் திறந்து, பாவாடையை விரித்து, வெறும் இடம் முன்னால் தெரியும்படி வைத்தாள். வளையல், சீப்பு. மீரா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை உள்ளே நீட்டினாள். வெளியே ரோட்டில் ஒரு பஸ் போயிற்று.

மீரா கையை வெளியே எடுத்தாள். விரலை விரித்து, மடக்கி, பள்ளிப் பையை இறக்கிவைத்த மாதிரி உதறினாள். “அப்பாடா” என்றாள். எழுந்து போய், தட்டிலிருந்த காராச்சேவை அந்தக் கையாலேயே அள்ளிக்கொண்டு மாமா பிள்ளைகளோடு விளையாடப் போய்விட்டாள்.

தேவி மூடியைப் போட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மேல் தட்டுல வச்சிருங்க” என்றாள் என்னைப் பார்த்து. அதைக்கூட ஒழுங்காகச் செய்யமாட்டேன் என்று பயந்தாளோ என்னவோ, கிட்டேயே நின்றாள்.

குனிந்து ஒரு கையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்தேன். பிறகு இரண்டு கையையும் கொடுத்தேன்.

“மச்சான்,” என்றேன். “இங்க வந்து கொஞ்சம் ஒரு கை பிடிங்க.”